சோபா வரிசைக்கு ஒரு தனி லைன்

கொங்கு பம்பு உற்பத்தியாளர் பேரவையின் ஆண்டுக் கூட்டத்தில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதற்கு விதி உண்டு. முன்பு நிறுவனத்தின் வயதை வைத்து உட்கார வைத்தார்கள். பிறகு ஏற்றுமதியை வைத்து. மூன்று வருடங்களுக்கு முன் பேரவை 'கிளவுட் இணைப்புத் துணைக்குழு' என்ற ஒன்றை அமைத்தது. அன்றிலிருந்து, ஒரு கம்பெனியின் கணினிகள் எந்த வழியாகக் கிளவுடுக்குப் போய் வருகின்றன என்பதை வைத்துத்தான் அதன் முதலாளிக்கு இருக்கை ஒதுக்கப்படுகிறது.

கிளவுட் என்பது வேறு ஊரில் வேறு யாரோ நடத்தும் பெரிய கணினிக் கூடம். பில், ஆர்டர், சரக்கிருப்பு எல்லாம் இப்போது அங்கேதான் இருக்கின்றன. அதுவரைக்கும் சொந்தமாகத் தனி லைன் இழுத்தவருக்கு முதல் வரிசையில் சோபா. இடைத்தரகு நிறுவனம் ஒன்றின் லைனில் நாலு பேரோடு சேர்ந்து போகிறவருக்கு இரண்டாம் வரிசையில் மெத்தை வைத்த நாற்காலி. ஊரே உபயோகிக்கும் இன்டர்நெட்டில் பூட்டுப் போட்டு அனுப்புகிறவருக்கு மூன்றாம் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி. கிளவுடே இல்லாதவர்கள் நேராகச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம் என்று அழைப்பிதழின் அடியில் குறிப்பு இருந்தது.

சென்ற ஆவணி மாதக் கூட்டத்தில் கணபதி சீனிவாசலு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அதன் ஒரு கால் சற்று உள்வாங்கியிருந்தது. அவருக்கு இரண்டு வரிசை முன்னால் சோபாவில் ரங்கநாயகி உட்கார்ந்திருந்தார்.

ரங்கநாயகி சீனிவாசலுவின் தம்பி மனைவி. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அண்ணனும் தம்பியும் பிரிந்தபோது தொழிற்சாலையின் நடுவில் ஒரு மதில் எழும்பியது. தம்பி தன் பாதியை மனைவியிடம் கொடுத்துவிட்டு மேட்டுப்பாளையத்துப் பாக்குத் தோப்பைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். மதிலுக்கு இந்தப் பக்கமும் பம்பு, அந்தப் பக்கமும் பம்பு. டீலர்கள்கூடப் பாதிப் பேர் பொதுவானவர்கள்.

கூட்டம் முடிந்து எழுந்தபோது ரங்கநாயகி திரும்பிப் பார்த்து, "மாமா, அங்கே காத்து வருதுங்களா?" என்று அக்கறையாகக் கேட்டார். மின்விசிறிகள் முதல் வரிசைக்கு மேல்தான் இருந்தன.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு சீனிவாசலு பொற்கொடியைக் கூப்பிட்டார். பொற்கொடி அந்தக் கம்பெனியின் கணினிப் பிரிவு. பிரிவில் வேறு யாரும் இல்லை.

"ஏனம்மணி, நாம கிளவுடுக்கு எதுல போறோம்?"

"சாதாரண இன்டர்நெட்லதானுங்க சார். ஆனா பூட்டுப் போட்டுப் போகுதுங்க. நடுவுல யாரும் பிரிச்சுப் பாக்க முடியாது."

"அதாவது பொது ரோட்டுல முக்காடு போட்டுட்டுப் போறோம்."

பொற்கொடி யோசித்தாள். பதினான்கு வருட அனுபவத்தில் இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை அவள் கேட்டதில்லை. "அப்படியும் சொல்லலாமுங்க," என்றாள்.

"தனி லைன் போடறோம்."

"சார், அதுக்கு முன்னால அந்தப் பதினொரு மணிப் பிரச்சினை..."

தினமும் காலை பதினொன்று முதல் பன்னிரண்டு வரை ஆர்டர் பக்கம் நின்றுவிடும். டீலர்கள் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். சுற்றும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆறு மாதமாக இப்படி. பொற்கொடி எல்லாவற்றையும் சோதித்துவிட்டாள், ஒரே ஒரு கேபிளைத் தவிர. அது முதலாளியின் அறைக்குள் போகும் கேபிள். அதைத் தொடக் கூடாது என்று எழுத்து மூலமாகவே உத்தரவு இருந்தது.

"அந்த ஒரு மணி நேரத்துல எத்தனை ஆர்டர் மதிலு தாண்டிப் போகுதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் சீனிவாசலு. எப்படித் தெரியும் என்று அவர் சொல்லவில்லை. "பொங்கலுக்குள்ள அது சரியாகோணும். இல்லீன்னா கோபி குடோன்ல ஒரு ஆளு வேணும்னு கேட்டுட்டே இருக்கறாங்க."

பொற்கொடியின் வீடு சரவணம்பட்டியில். மகள் வர்ஷினிக்கு வருகிற பங்குனியில் பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வு. கணக்கு மட்டும் வராது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வரும். கோபிசெட்டிபாளையத்துக்குச் சத்தி ரோட்டில் பஸ்ஸில் போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை. பக்கத்தில் உட்கார ஞாயிற்றுக்கிழமைதான் மிஞ்சும்.

அடுத்த வாரம் ரோஹன் வந்தான். சரவணம்பட்டி ஐ.டி. பூங்காவில் இருக்கும் ஓர் ஆலோசனை நிறுவனத்தின் பையன். திரையில் மூன்று படங்கள் காட்டினான்.

"சார், மூணு ஆப்ஷன் இருக்கு. முதலாவது, இப்ப நீங்க இருக்கறது."

"அதைத் தாண்டு."

"ரெண்டாவது, பார்ட்னர் வழியா. அவங்க ஏற்கனவே கிளவுட் வரைக்கும் பெரிய லைன் வெச்சிருக்காங்க. அதுல உங்களுக்கு ஒரு பங்கு. உங்க டேட்டா தனியாத்தான் போகும், பொது இன்டர்நெட்டைத் தொடாது. உங்க அளவுக்கு இதுவே தாராளம் சார்."

"பங்குன்னா, கூட யாராரு?"

"வேற நாலஞ்சு கம்பெனி இருப்பாங்க."

சீனிவாசலு நாற்காலியில் சாய்ந்தார். "எங்கப்பாரு கிணத்துல எனக்கும் தம்பிக்கும் முறைத் தண்ணி. செவ்வாக்கிழமை எனக்கு, புதங்கிழமை அவனுக்கு. எட்டு வருசம். ஒரே ஒரு செவ்வாக்கிழமை முழுசாக் கரண்டு இருந்ததா? புதங்கிழமை போகாது பாத்துக்க. பங்கெல்லாம் எனக்கு வேண்டாம். மூணாவதைச் சொல்லு."

"மூணாவது நேரடித் தனி லைன். உங்களுக்கே உங்களுக்கு. ஆனா..."

"அந்தம்மா எத்தனை போட்டிருக்குது?"

ரோஹனுக்கு எந்தம்மா என்று கேட்கத் தேவை இருக்கவில்லை. அந்த லைனையும் அவன்தான் போட்டுக் கொடுத்திருந்தான். "ஒரு ஜிபி சார்."

"நம்முளுக்குப் பத்து."

பொற்கொடி குறுக்கிட்டாள். "சார், நம்ம ஆர்டரு, பில்லு எல்லாஞ் சேத்தி இருபது எம்பிகூட ஆகாதுங்க. ஒரு ஜிபியே அதுல ஐம்பது மடங்கு."

"அந்தம்மாளுக்கு எத்தனை ஆகும்?"

"அதே அளவுதானுங்க இருக்கும்."

"அந்தம்மா தேவைக்கு மேல ஐம்பது மடங்கு போட்டிருக்குது. நாம ஐந்நூறு மடங்கு போடறோம். ஏப்பா, கணக்கு சரியா?"

ரோஹன் கணக்கு சரியாக இருப்பதாகச் சொன்னான்.

லைன் போடுவதற்கு அரசாங்கத்தின் அனுமதியைவிடத் துணைக்குழுவின் அனுமதி கடினமானது. படிவத்தில் நாற்பத்தொரு கேள்விகள். பதினேழாவது கேள்வி: 'லைன் வரும் வழியில் பங்காளி நிலம் உள்ளதா?' இருந்தது. கேபிள் வந்து முடியும் கம்பம் ரங்கநாயகியின் கேட்டை ஒட்டி நின்றது. அங்கிருந்து இங்கே வர எழுபது அடி. சீனிவாசலு அந்த எழுபது அடியை ஏற்க மறுத்தார். எனவே கேபிள் பின்பக்கமாக, இரண்டு பள்ளிக்கூடங்களையும் ஒரு கல்யாண மண்டபத்தையும் ஒரு சாக்கடையையும் சுற்றிக்கொண்டு இரண்டரைக் கிலோமீட்டர் வந்தது. பள்ளம் தோண்டவே கார்த்திகை முடிந்துவிட்டது.

மார்கழி முதல் வாரத்தில் ஆய்வுக்குத் துணைக்குழுத் தலைவர் செங்கோட்டையன் வந்தார். பல்சக்கரம் செய்யும் சிறிய தொழிற்சாலை வைத்திருப்பவர். அவருடைய கம்பெனியில் கிளவுட் கிடையாது. எந்த வரிசையிலும் இல்லாதவர்தான் நடுநிலையாக இருப்பார் என்று பேரவை அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. புதிய லைனுக்கென்று ஒதுக்கிய குளிர்பதன அறையில் நின்று, பூட்டிய கண்ணாடிப் பெட்டியைக் கைகூப்பிப் பார்த்தார். பிறகு ஊழியர்கள் இருபது பேர் முன்னிலையில் பேசினார்.

"பஸ்ஸுக்கு மதிப்பு எதுலீங்க? எத்தனை பேரு போறாங்கங்கறதுல. காருக்கு மதிப்பு எதுல? எத்தனை பேரு போகலைங்கறதுல. இதைக் கண்டுபிடிக்கறதுக்கு எங்க குழு ஒன்றரை வருசம் உக்காந்துச்சுங்க. அதனால லைன்ல எத்தனை ஓடுதுன்னு நாங்க பாக்கறதில்லை. எத்தனை ஓடலைன்னு பாக்கறோம். இதுக்குத் தூய்மைன்னு பேரு வெச்சிருக்கறோம். தூய்மை தொண்ணூத்தொம்பதுக்குக் கீழ போச்சுன்னா சோபா கெடையாதுங்க. ரங்கநாயகியம்மா லைனு ஒரு வருசமா நூத்துக்கு நூறு. ஒரு தூசி ஓடினதில்லை."

பொற்கொடி கையைத் தூக்கினாள். "ஐயா, ஓடறதுக்குத்தானுங்களே லைனு?"

"நல்ல கேள்வி அம்மணி. இதே கேள்வியை நானும் ஒரு கூட்டத்துல எந்திரிச்சுக் கேட்டேன். கேட்டதுனாலதான் என்னையத் தலைவராப் போட்டாங்க. அப்புறம் நான் கேக்கறதில்லை."

எல்லாரும் கைதட்டினார்கள். பொற்கொடியும் தட்டினாள்.

நல்ல நாள் பார்த்துப் பூஜை நடந்தது. ரவுட்டருக்குச் சந்தனம் வைத்தார்கள்; காற்றுப் போகும் துளைகளில் வைக்க வேண்டாம் என்று பொற்கொடி கேட்டுக்கொண்டதால் குங்குமத்தை மட்டும் மூடியில் வைத்தார்கள். பச்சை விளக்குகள் மினுங்கின. சீனிவாசலு கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இன்னைக்கே டீலர் ஆர்டரை இதுக்கு மாத்தி உட்டரட்டுங்களா? பதினொரு மணிப் பிரச்சினை..."

"அம்மணி." அவர் குரல் தணிந்தது. "ஊட்டுல நல்ல சோபா வாங்கினா மொத நாளே ஈரத் துணியைக் கொண்டாந்து போடுவீங்களா? ஆர்டரெல்லாம் பழைய லைன்லயே வரட்டும். டீலருங்க அதுக்குப் பழகினவிய. நீங்க நாலு நாளைக்கொருக்கா வந்து தொடைச்சு வைங்க, போதும்."

"அப்ப அந்தப் பதினொரு மணி?"

"அது உங்க வேலை. பொங்கலுக்கு இன்னும் இருபத்தொரு நாள் இருக்குது."

பொற்கொடி நாலு நாளைக்கொரு முறை துடைத்தாள். ஐம்பது எம்பி கொண்ட பழைய லைன் தினமும் பதினொன்றுக்கு மூச்சுத் திணறியது. அதைவிட இருநூறு மடங்கு பெரிய புதிய லைன் குளிர்பதன அறையில் பச்சை விளக்குகளோடு ஓய்வெடுத்தது. ஒருநாள் துடைத்துக்கொண்டிருக்கும்போது அதன்மேல் தனக்குப் பொறாமையாக இருப்பதை அவள் கவனித்தாள். அந்தக் கட்டடத்தில் யாரும் எதுவும் கேட்காத ஒரே ஜீவன் அதுதான்.

பொங்கலுக்கு ஒன்பது நாள் இருக்கையில், இரண்டு கேட்டுக்கும் பொதுவான டீக்கடையில் அவள் பிரவின்குமாரைப் பார்த்தாள். அவன் ரங்கநாயகி கம்பெனியின் கணினிப் பிரிவு. இரண்டு கம்பெனி ஆட்களும் பேசிக்கொள்ளக் கூடாது என்பதால் இருவரும் எதிரெதிர்ப் பக்கம் பார்த்து நின்று பேசினார்கள்.

"ஏனுங்க்கா, முகம் வாடிக் கெடக்குது?"

"கோபிக்கு மூட்டை கட்டிட்டிருக்கறேன் தம்பி. உங்களுக்கென்ன, தனி லைன்ல பறக்கறீங்க."

"அட நீங்க வேற. அந்த லைன்ல ஒண்ணையும் உடறதில்லீங்க்கா. அம்மா பட்டுத் துணி போட்டு மூடி வெச்சிருக்குது. நாங்க பழைய லைனுதான். பதினொண்ணுலருந்து பன்னண்டு வரைக்கும் ஆர்டர் பூராப் படுத்துக்கும்."

பொற்கொடி டீயைக் கீழே வைத்தாள். "உங்களுக்குமா?"

"ஒரு வருசமா."

"அப்ப எங்க டீலருங்க உங்ககிட்ட வர்றதா எங்க சார் சொன்னாரே?"

"எங்க டீலருங்க உங்ககிட்டப் போறதா எங்கம்மா சொல்லுது. ரெண்டு பக்கமும் சுத்திப்போட்டு ரெண்டு பேரும் குஜராத்து ராஜ்கோட்டுப் பம்பு வாங்கீட்டுப் போறாங்க போல."

"காரணம் பாத்தியா?"

"பாத்துட்டனுங்க்கா. ஆனா யாருகிட்டச் சொல்றது?" அவன் முகத்தைத் திருப்பாமல் தாடையால் மேலே காட்டினான். "மதிலு மேல பாருங்க."

மதிலின் மேல் ரங்கநாயகி பக்கத்துக் கம்பத்தில் நான்கு கேமராக்கள் இருந்தன. நான்கும் சீனிவாசலுவின் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. பொற்கொடி மெதுவாகத் தலையைத் திருப்பினாள். சீனிவாசலு பக்கத்துக் கம்பத்திலும் நான்கு. அவை ரங்கநாயகியின் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. பதினொன்று முதல் பன்னிரண்டு வரைதான் இரண்டு கம்பெனியிலும் லாரிகள் சரக்கேற்றிக்கொண்டு வெளியே போகும் நேரம்.

"எங்கம்மா பதினொண்ணுக்கு டி.வி. முன்னால உக்காந்து உங்க லாரியை எண்ணுமுங்க. நம்பர் பிளேட்டு தெரியோணும்னு படத்தைப் பெருசு பண்ணி வெக்கச் சொல்லும்," என்றான் பிரவின்குமார்.

மிச்சத்தை யோசிக்கப் பொற்கொடிக்கு அதிக நேரம் ஆகவில்லை. தொடக் கூடாத கேபிளின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று இப்போது தெரிந்துவிட்டது. கேமராவிலிருந்து படம் கிளம்பி, பழைய லைன் முழுவதையும் அடைத்துக்கொண்டு, மும்பையில் உள்ள கிளவுடுக்குப் போய், அங்கே சேமிக்கப்பட்டு, அதே லைனில் திரும்பி சீனிவாசலுவின் அறைக்கு வருகிறது. கேமராவுக்கும் அறைக்கும் நடுவே நாற்பது அடி.

இதை முதலாளியிடம் சொல்ல ஒரு வழி வேண்டும். 'உங்கள் பொறாமையால் ஆர்டர் நிற்கிறது' என்று எந்த அறிக்கையிலும் எழுத முடியாது. அவள் இரண்டு நாள் யோசித்துவிட்டு அவருடைய அறைக்குப் போனாள்.

"சார், அந்தக் கேமராப் படம் பொது ரோட்டுலதானுங்க போகுது."

"எந்தக் கேமரா?"

"மதிலு மேல நாலு இருக்குதுங்களே."

"அது பாதுகாப்புக்கு."

"ஆமாங்க சார். அந்தப் பாதுகாப்பு பொது ரோட்டுல போகுதுங்க."

"முக்காடு போட்டுத்தான போகுது? நீங்கதான் சொன்னீங்க."

"முக்காடு போட்டா போறது யாருன்னு தெரியாதுங்க. ஆனா யாரோ போறாங்கன்னு தெரியுமுங்களே. தெனம் பதினொண்ணுக்குப் போறாங்க, பன்னண்டுக்குத் திரும்பறாங்க. வழியில நின்னு பாக்கறவிய எதையாவது நெனச்சுக்குவாங்க."

சீனிவாசலு எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினார். மூடிவிட்டு, கொஞ்சம் விலக்கி மதிலைப் பார்த்தார்.

"தனி லைன்ல உட்டா?"

"ஒருத்தருக்கும் தெரியாதுங்க."

"தூய்மை?"

"பத்து ஜிபியில இது அரை பர்சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலதானுங்க. தொண்ணூத்தொம்பதுக்குக் கீழ போகாது."

அன்று மாலையே கேமராக்கள் நான்கும் புதிய லைனுக்குக் குடிபெயர்ந்தன. மறுநாள் பதினொரு மணிக்குப் பொற்கொடி திரை முன் உட்கார்ந்தாள். பதினொன்று ஐந்து. பதினொன்று பத்து. பழைய லைனில் ஆர்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. அவிநாசி டீலர் ஒருவர் போன் செய்து, "ஏனுங்க, அமுத்தினதும் போயிருச்சுங்களே, ஏதாவது கோளாறுங்களா?" என்று சந்தேகமாகக் கேட்டார்.

தை மூன்றாம் வாரம் தரவரிசை விழா. சீனிவாசலு சோபாவில் உட்கார்ந்தார். பக்கத்துச் சோபாவில் ரங்கநாயகி. மின்விசிறிக் காற்று இருவருக்கும் சமமாக வந்தது. செங்கோட்டையன் பட்டியலை வாசித்தார்.

"ரங்கநாயகியம்மா, தூய்மை நூறு. சீனிவாசலு ஐயா, தொண்ணூத்தொம்பது புள்ளி நாலு. ஐயாவுக்கு நம்ம வாழ்த்து. அந்தப் புள்ளி ஆறையும் அடுத்த வருசத்துக்குள்ள சரி பண்ணிப்போடுவாருங்கற நம்பிக்கை குழுவுக்கு இருக்குதுங்க."

ரங்கநாயகி கைதட்டினார். "பரவாயில்லீங்க மாமா. மொத வருசம் அப்படித்தான் இருக்கும்."

மறுநாள் பத்தே முக்காலுக்குப் பொற்கொடிக்கு அழைப்பு வந்தது. அறையின் சுவரில் பெரிய டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தப் புள்ளி ஆறு எது?"

"அது இந்தக் கேமராதானுங்க சார்."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"வேற எதையும் நீங்க உட வேண்டாம்னுட்டீங்களே."

"இதைப் பழைய லைனுக்கே மாத்தினா நூறு வந்துரும்?"

"வந்துருமுங்க." பழைய லைனுக்கு மாற்றினால் பதினொரு மணி திரும்ப வரும். அதற்குப் பின்னால் கோபி பஸ்ஸும் வரும். "மாத்தட்டுங்களா சார்?"

சீனிவாசலு சுவர்ப் பக்கம் திரும்பினார். டி.வி.யில் ரங்கநாயகியின் கேட் தெரிந்தது. மாதக்கணக்கில் விட்டு விட்டுக் கலங்கி வந்த படம் இப்போது துல்லியமாக இருந்தது. காவலாளியின் சட்டையில் ஒரு பொத்தான் இல்லாதது தெரிந்தது. அவர் ரிமோட்டை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கி மேலே நகர்த்தினார். மதில் வந்தது. கம்பம் வந்தது. கம்பத்தின் மேல் நான்கு கேமராக்கள் நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவர் வெகுநேரம் அவற்றைப் பார்த்தார். அவையும் பார்த்தன.

"அம்மணி," என்றார் கடைசியில். "அதுக்கு மேல என்ன அது? தொப்பி மாதிரி?"

"மழை படாம இருக்க ஒரு மூடிங்க சார்."

"நம்முளுதுக்கு இருக்குதா?"

"இல்லீங்க."

"பாரு." அவர் குரலில் வருத்தம் இருந்தது. "இந்தப் படம் இல்லீன்னா இது தெரிஞ்சிருக்குமா? புள்ளி ஆறு போகட்டும். கேமரா இதுலயே இருக்கட்டும். மொதல்ல நம்முளுதுக்கு மூடிக்குச் சொல்லுங்க."

பொற்கொடி தன் இடத்துக்கு வந்தாள். மணி பதினொன்று ஆகியிருந்தது. ஆர்டர்கள் வந்துகொண்டிருந்தன. சாயங்காலம் வர்ஷினிக்கு முக்கோணவியல் பாக்கி இருந்தது. அவள் கொள்முதல் படிவத்தை எடுத்து 'கேமரா மூடி, நான்கு' என்று எழுதினாள். அளவு என்ற கட்டத்தில் ஒரு நிமிடம் யோசித்து, 'எதிர்ப்பக்கத்தைவிட ஓர் அங்குலம் கூடுதல்' என்று நிரப்பினாள்.